மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த பிறகு: மலையில் இருப்பவர்களுக்கு ஒரு தையல்காரியின் வழிகாட்டி

கோத்தகிரி பக்கம் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். இடது மார்பை எடுத்து, கீமோ முடித்து, கரண்டும் (கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் அப்படிச் சொல்கிறோம்) வைத்து முடித்துப் பதினோரு மாதம் ஆகியிருந்த சமயம். ஒரு கல்யாணத்துக்காக எனக்கே ஒரு பிளவுஸ் தைத்தேன். போட்டுப் பார்த்தால் இடது கை முழங்கைக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. வெட்டும்போது தப்புப் பண்ணிவிட்டேன் போல என்று தையலைப் பிரித்தேன். துணியை அளந்தால் இரண்டு கையும் ஒரே அளவு. அப்புறம்தான் டேப்பை என் கையில் சுற்றிப் பார்த்தேன். பழைய அளவு நோட்டில் பதினொன்று என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு.

அதற்கு முன்பே இரண்டு முறை செக்கப்பில், "கை கொஞ்சம் பாரமா இருக்கு" என்று சொல்லியிருந்தேன். "ஆபரேஷன் பண்ணினா அப்படித்தாம்மா இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறை நோட்டை எடுத்துப்போய், "ஒரு இன்ச் கூடியிருக்கு, இதோ தேதி" என்று காட்டினேன். அன்றைக்கே பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த நோட்டைச் சுற்றித்தான். நான் டாக்டர் இல்லை. மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான். அவரிடம் எதை எப்படிச் சொல்வது, மிச்ச நாளில் வீட்டில் என்ன செய்வது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் வேலை: நோட்டின் முதல் பக்கம்

நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் இவை இருக்கட்டும்: எந்தப் பக்க மார்பு, முழுவதும் எடுத்தார்களா கட்டியை மட்டுமா, அக்குளில் எத்தனை நெறிக்கட்டி (நிணநீர்க் கணு) எடுத்தார்கள், கீமோ மருந்துகளின் பெயர், கரண்டு எந்தப் பக்கம் எத்தனை நாள், இப்போது சாப்பிடும் மாத்திரை, அதைத் தொடங்கிய தேதி. எல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். புரியாவிட்டால் கிராமச் செவிலியரிடமோ மருந்துக்கடையிலோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், பின்னால் வரும் தொந்தரவு ஒவ்வொன்றுக்கும் வேர் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. கை வீக்கம் அக்குள் நெறிக்கட்டியை எடுத்ததிலிருந்தும் அக்குளில் வைத்த கரண்டிலிருந்தும் வருவது. விரல் மரப்பு பெரும்பாலும் பாக்லிடாக்சல், டோசிடாக்சல் வகை கீமோ மருந்தால். மூட்டு வலி லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரையால். இதையெல்லாம் "வயசாகுது" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் எதற்கும் வழி பிறக்காது.

கை: அதிக நேரம் இதற்குத்தான்

கையில் ரத்தத்தைத் தவிர நிணநீர் என்று ஒரு திரவமும் ஓடுகிறது. அது அக்குள் நெறிக்கட்டிகள் வழியாக வடிந்து திரும்பவும் ரத்தத்தில் சேரும். நெறிக்கட்டிகளை எடுத்துவிட்டால் வடிகால் குறுகிவிடுகிறது. மழைக்காலத்தில் தோட்டத்து வாய்க்காலில் பாதியை மண் மூடியது போல. தண்ணீர் சாதாரணமாக வரும்வரை தெரியாது, ஒரு நாள் கூடுதலாக வந்தால் தேங்கிவிடும். அக்குளை முழுதாகச் சுத்தம் செய்த பெண்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது. ஒன்றிரண்டு நெறிக்கட்டியை மட்டும் எடுத்துப் பார்த்தவர்களுக்கு மிகவும் குறைவு. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் தலைகாட்டும். பத்து வருடம் கழித்து வந்தவர்களும் உண்டு.

அளப்பது எப்படி: மாதம் ஒரு நாள், காலையில், ஒரே நேரத்தில். தையல் டேப்பின் சென்டிமீட்டர் பக்கத்தைப் பயன்படுத்துங்கள். உள்ளங்கை, மணிக்கட்டு, மணிக்கட்டிலிருந்து 10 செ.மீ. மேலே, முழங்கை, முழங்கையிலிருந்து 10 செ.மீ. மேலே என்று ஐந்து இடம். இரண்டு கையையும் அளக்க வேண்டும். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. பிளவுஸ் அளவு எடுக்கும்போது நாங்கள் டேப்புக்குள் ஒரு விரலை விட்டுக்கொள்வோம். இங்கே அது வேண்டாம். வேலை செய்யும் கை இயல்பாகவே ஒரு நூல் பெருத்துத்தான் இருக்கும். அதனால் முதல் மாதத்து வித்தியாசத்தை வைத்துக்கொண்டு, அது கூடுகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஓரிடத்தில் 2 செ.மீ. கூடிவிட்டால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் போங்கள். அளவு ஏறாமலேயே கை கனப்பது, வளையல் இறுகுவது, மோதிரம் தடம் பதிப்பது எல்லாம் முன்னறிவிப்பு. இந்தக் கட்டத்தில் பிடித்தால் கிட்டத்தட்ட பழைய அளவுக்கே கொண்டுவர முடியும். வருடக்கணக்கில் விட்டால் தோல் கெட்டிப்பட்டு, அழுத்தினாலும் குழி விழாத மாதிரி ஆகிவிடும்.

வீங்கிவிட்டால் செய்வது நான்கு: பயிற்சி பெற்றவர் மெதுவாகத் தடவி நீரை வடியவைப்பது, பல அடுக்குத் துணிக்கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு. வீக்கம் குறைந்ததும் அழுத்தம் தரும் ஸ்லீவ், அதாவது மணிக்கட்டிலிருந்து தோள்வரை வரும் இறுக்கமான உறை. இதைக் கண்மதிப்பில் வாங்காதீர்கள், அளவெடுத்து வாங்குங்கள். பகலில் போட்டு இரவில் கழற்ற வேண்டும். மேல் விளிம்பு சுருண்டால் கயிறு கட்டியது போல ஆகி வீக்கத்தைக் கூட்டும். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், மாற்ற வேண்டும். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி, கார்த்திகை முழுக்க எதுவும் காயாது. ஈர ஸ்லீவைப் போட்டால் தோல் புண்ணாகும், அடுப்புப் பக்கத்தில் காயவைத்தால் எலாஸ்டிக் செத்துவிடும். அதனால் கட்டாயம் இரண்டு ஸ்லீவ் வேண்டும். துண்டில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் தட்டையாக விரித்துக் காயவையுங்கள்.

தைலம் பற்றி ஒரு வார்த்தை. நீலகிரியில் யாருக்கு எங்கே வலித்தாலும் முதலில் யூகலிப்டஸ் தைலம், அப்புறம் வின்டர்கிரீன் தைலம். எங்கள் சித்தி ஒரு பாட்டிலோடு வந்து, "நல்லா அழுத்தித் தேச்சா நீர் இறங்கிடும் கண்ணு" என்று உட்கார்ந்துவிட்டார். வீங்கிய கையை அழுத்தித் தேய்க்கக் கூடாது. தோலுக்கு அடியில் இருக்கும் நிணநீர்க் குழாய்கள் மெல்லியவை, நசுங்கிவிடும். சரியான தடவல் பூனையைத் தடவுகிற அழுத்தம்தான். கரண்டு வைத்த தோலில் இந்தத் தைலங்கள் எரிச்சலைக் கிளப்பும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் வின்டர்கிரீனை எங்குமே தேய்க்கக் கூடாது. அது தோல் வழியே உள்ளே போய் ரத்தக்கசிவை உண்டாக்கும். நீர் பிரியும் மாத்திரையும் இந்த வீக்கத்துக்கு உதவாது.

வேலைக்குப் போகலாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். போகலாம். "அந்தக் கையால் ஒரு சொம்புகூடத் தூக்காதே" என்பது பழைய அறிவுரை. 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கை வீக்கம் உள்ள பெண்களையே படிப்படியாக எடை தூக்க வைத்துப் பார்த்தார்கள். வீக்கம் கூடவில்லை. "படிப்படியாக" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கி, வாரம் வாரம் கொஞ்சம் ஏற்றுங்கள். ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு முதல் நாளே கொழுந்து மூட்டையைத் தலைக்கு ஏற்றினால் அன்று ராத்திரியே கை சொல்லிவிடும். கத்தரி வைத்துக் கொழுந்து வெட்டுபவர்கள் முதல் வாரம் அரை மணிக்கொரு முறை நிறுத்திக் கையை மேலே தூக்கி, முஷ்டியைப் பத்துப் பதினைந்து முறை மூடித் திறக்கவும். மருந்தடிக்கும் டேங்கின் வார் அந்தத் தோளை அழுத்தும், அதை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். கேரட் காட்டில் களையெடுக்கக் கையுறை. தேயிலைக் குச்சி கீறினாலும் அட்டை கடித்தாலும் உடனே சோப்புப் போட்டுக் கழுவி மருந்து தடவுங்கள்.

காரணம் இதுதான். அந்தக் கையில் கிருமி நுழைந்தால் வேகமாகப் பரவும். தோல் சிவந்து, சூடாகி, வலித்து, குளிர்காய்ச்சல் வந்தால் அது அன்றைக்கே ஆண்டிபயாடிக் தொடங்க வேண்டிய விஷயம். "காலையில் முதல் பஸ்ஸில் போகலாம்" என்று இருக்க வேண்டாம், பக்கத்தில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு ராத்திரியே போங்கள்.

ரத்த அழுத்தம் பார்க்கவும் ஊசி போடவும் முடிந்தவரை மறு கையைக் கொடுங்கள். அவசரத்தில் இந்தக் கையில் ஒருமுறை போட்டுவிட்டார்கள் என்று பயந்து தூக்கம் கெடத் தேவையில்லை.

தோளும் நெஞ்சும்

அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கம்பி இழுத்துக் கட்டியது போல ஒன்று தெரிகிறதா? கையைத் தூக்கினால் வீணைத் தந்தி மாதிரி விறைக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களில் வருவது, ஆபத்தில்லை. நீட்டும் பயிற்சியில் தானாகவே தளரும்.

தோளுக்குச் சுவர்ப் பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் பல்லி ஊர்வது போல மேலே ஏறுங்கள். எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடும் தேதியும் போடுங்கள். தினம் இரண்டு வேளை, வேளைக்குப் பத்து முறை. இழுவை தெரியலாம், குத்தும் வலி கூடாது. என் கடைச் சுவரில் அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. முதல் கோடு தையல் மெஷினின் உயரத்துக்குச் சற்று மேலே. வெள்ளையடிக்க வந்தவரிடம் அந்த ஓரத்தை விட்டுவிடச் சொன்னேன்.

மலைப் பாதையில் பிசியோதெரபிக்கென்று தினமும் அலைய முடியாது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். முதல் முறை வரும்போது நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டுங்கள்.

கரண்டு முடிந்து ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமல், லேசான காய்ச்சல், மூச்சு வாங்கல் வந்தால் அதைப் பனி இருமல் என்று தள்ளிவிடாதீர்கள். நுரையீரலில் கரண்டு பட்ட இடம் அழன்றிருக்கலாம், அதற்கு மருந்து உண்டு.

மூச்சு வாங்குவதை அளக்க மலைவாசிகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு ஏறும் அதே மேடு. முன்பு எத்தனை இடத்தில் நின்றீர்கள், இப்போது எத்தனை? கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், ஊட்டி 2,200-க்கு மேல். இங்கேயே வாழ்ந்தவர்களுக்கு உயரம் பழகிப்போன ஒன்று. திடீரென்று அதே மேட்டில் கூடுதலாக நிற்க வேண்டியிருந்தால் ரத்தசோகையா, இதயமா என்று பார்க்க வேண்டும். சிவப்பு மருந்து என்று நாம் சொல்லும் டாக்சோரூபிசினும், டிராஸ்டுசுமாப் ஊசியும் இதயத்தைப் பாதிக்கக்கூடியவை. படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீங்குவது சேர்ந்தால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மரத்த விரலும் மலைக் குளிரும்

எனக்கு ஊசியில் நூல் கோக்க எட்டு மாதம் பிடித்தது. விரல் நுனியில் மெழுகு தடவியது போல இருக்கும். ஒரு நாள் பிளவுஸில் சிவப்பாக ஒரு புள்ளி. பட்டன் தைத்த ஊசி விரலில் ஏறியதே தெரியவில்லை.

கீமோவால் வரும் மரப்பு கை கால் நுனியில் தொடங்கி மேலே ஏறும். பலருக்குச் சில மாதங்களில் குறையும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். சர்க்கரையும் பி12-ம் பரிசோதித்துக்கொள்ளுங்கள், அவை வேறு சேர்ந்து படுத்தும். எரிச்சலும் வலியுமாக இருந்தால் டுலாக்சிடின் என்ற மாத்திரை தருவார்கள். ஆனால் நீங்கள் டாமோக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கலாம்.

குளிர் பிரதேசத்தில் பெரிய அபாயம் சூடுதான். மார்கழி, தை உறைபனியில் கால்களை அடுப்பங்கரையில் நீட்டிக்கொண்டு உட்காருவோம், வெந்நீர்ப் பையைப் போர்வைக்குள் வைத்துக்கொள்வோம். மரத்த காலுக்குச் சுடுவது தெரியாது, காலையில் கொப்புளம்தான் தெரியும். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துக் காலில் ஊற்றுங்கள். பைக்குப் பதில் இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ். படுக்கும் முன் டார்ச் அடித்துப் பாதத்தைப் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட. பாசி பிடித்த படியில் கைப்பிடி இல்லாவிட்டால் ஒரு கயிறாவது கட்டுங்கள். ஹவாய் செருப்பு வேண்டாம், பின்பக்கம் பட்டை உள்ளதாகப் போடுங்கள்.

ஐந்து வருட மாத்திரை, பத்து வருட மாத்திரை

டாமோக்சிஃபெனை 5 முதல் 10 வருடம் சாப்பிடச் சொல்வார்கள். அதில் முக்கியமான தொந்தரவு திடீர் உடம்புச்சூடு. வெளியே பல்லைக் கிட்டும் குளிர், உள்ளே வேர்த்து ஊற்றும். ஒரே தடித்த ஸ்வெட்டருக்குப் பதில் பருத்தி உள்சட்டை, முன்னால் பட்டன் வைத்த மெல்லிய ஸ்வெட்டர், மேலே சால்வை என்று அடுக்குங்கள். சூடு வந்ததும் ஒன்றை மட்டும் கழற்றலாம். காரம், ராத்திரி டீ இரண்டும் சிலருக்குத் தூண்டும். எனக்கு டீதான். தேயிலை ஊரில் டீயை விடுவது பெரிய தண்டனை, சாயங்காலம் நான்கு மணியோடு நிறுத்திக்கொண்டேன். சூட்டுக்கோ மனச்சோர்வுக்கோ மாத்திரை எழுதும்போது கவனம் வேண்டும்: பராக்சிடின், ஃபுளூவாக்சிடின் இரண்டும் டாமோக்சிஃபெனின் வேலையைக் குறைக்கக்கூடியவை. வென்லாஃபாக்சின் போன்றவற்றில் அந்தப் பிரச்சினை குறைவு. வேறு டாக்டரிடம் போனால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மாதவிலக்கு நின்ற பிறகு சொட்டு ரத்தம் பட்டாலும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் உடனே காட்ட வேண்டும். முன்னது கர்ப்பப்பையையும் பின்னது ரத்தக் கட்டியையும் சந்தேகிக்க வேண்டிய அறிகுறி. இளம் வயதினருக்கு மாதவிலக்கு வராவிட்டாலும் கர்ப்பம் தரிக்கலாம். இந்த மாத்திரையோடு கர்ப்பம் கூடாது. கருத்தடை மாத்திரையும் கூடாது. காப்பர்-டி அல்லது ஆணுறை.

லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் சாப்பிடுபவர்களுக்குக் காலையில் எழுந்தால் முட்டியும் விரலும் துருப்பிடித்த கீல் மாதிரி இருக்கும். வலிக்கு நடையும் எடைப் பயிற்சியும் நிஜமாகவே உதவுகின்றன. தாங்காவிட்டால் அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள். தானாக நிறுத்திவிட்டு டாக்டரிடம் சாப்பிடுவதாகச் சொல்லும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு, தயவுசெய்து வேண்டாம். எலும்பு தேய்வதால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை ஒன்று எடுக்க வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. களியும் மோரும் நம் வீட்டில் இருப்பவைதான். மூடுபனி மாதங்களில் வைட்டமின் டி குறையும், அளவைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

களைப்பும் மறதியும்

தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு இது. முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு பாருங்கள். அவை சரியாக இருந்தால், கேட்க எரிச்சலாக இருக்கும், மருந்து நடைதான். வாரம் 150 நிமிடம் இலக்கு. நான் தொடங்கியது கடையிலிருந்து மாரியம்மன் கோயில் வரை, ஐந்து நிமிடம். ஒரு நாளில் தெம்பு எந்த நேரம் இருக்கிறது என்று ஒரு வாரம் எழுதிப் பார்த்து, கனமான வேலையை அந்த நேரத்துக்கு வையுங்கள்.

மறதிக்கு நானும் எழுதித்தான் பிழைக்கிறேன். கஸ்டமர் துணியைக் கொடுத்ததும் அவர் முன்னாலேயே சீட்டைக் குத்திவிடுவேன். "ஞாபகத்துல இருக்குக்கா" என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

பிளவுஸுக்குள்ளே

ஒரு பக்கம் மார்பு இல்லாமல் இருந்தால் தோற்றம் மட்டுமல்ல, தோள் ஒரு பக்கம் ஏறி முதுகும் வலிக்கும். கடையில் சிலிக்கான் மார்பு கிடைக்கிறது, விலை அதிகம். நான் முதலில் பருத்திப் பைக்குள் கேழ்வரகை நிரப்பித் தைத்தேன். எடை சரியாக வந்தது, ஆனால் மழைக்காலத்தில் பூசணம் பிடித்து நாறியது. இப்போது பஞ்சு நிரப்பி, நடுவில் துவைக்கக்கூடிய சின்னக் கண்ணாடிக் குண்டுகள் வைத்துத் தனிப்பை. பிளவுஸின் உள்பக்கம் ஒரு பாக்கெட் வைத்து அதில் நழுவவிட்டால் குனியும்போது வெளியே வராது. உங்கள் ஊர் தையல்காரியிடம் சொல்லிப் பாருங்கள், அரை மணி வேலை. தழும்பு நன்றாக ஆறிய பிறகு மட்டும்.

தாம்பத்தியத்தில் வறட்சியும் வலியும் இந்த மாத்திரைகளின் நேரடி விளைவு, ஆசை குறைந்ததன் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் சேர்ந்த ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். ஹார்மோன் கலந்த க்ரீமை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். இதைப் பெண் டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் நோட்டில் எழுதிக் காட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், அவரும் எழுதியே பதில் கொடுத்தார்.

செக்கப்புக்கு முதல் நாள் தூக்கம் வராது, அது எல்லோருக்கும் உண்டு. அழுகை நாள்கணக்கில் நீண்டால், சாப்பாடு இறங்காவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

செக்கப்புக்கு மலையிறங்கும்போது

முதல் மூன்று வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கொரு முறை, அடுத்த இரண்டு வருடம் ஆறு மாதம் அல்லது வருடத்துக்கொரு முறை, அப்புறம் வருடம் ஒரு முறை. மிச்சமிருக்கும் மார்புக்கு வருடாவருடம் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. இடையில் தழும்பிலோ அக்குளிலோ கட்டி, இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே எலும்பில் வலி, போகாத இருமல், வாந்தியோடு தலைவலி, மஞ்சள் கண் வந்தால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

சென்னைக்குப் போகிறவர்களுக்கு ரயிலில் நோயாளிக்கும் கூடவரும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் சான்றிதழ் வாங்கி, மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் கவுன்டரில் காட்டி நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு எடுக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் நோட்டோடு ஒரே பையில் வையுங்கள்.

பஸ்ஸில் ஒன்று கவனியுங்கள். கொண்டை ஊசி வளைவில் நம்மை அறியாமல் கம்பியைப் பிடித்து முழு உடம்பையும் ஒரு கையில் தொங்கவிடுவோம். கம்பிப் பக்கம் நல்ல கை வரும்படி உட்காருங்கள். எனக்கு இடது கை என்பதால் இடப்பக்க ஜன்னலோரம். வலது கை முன் சீட்டுக் கம்பியில், இடது கை மடியில் நோட்டின் மேல். மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஸ்லீவ் சுருண்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.